குப்பைத் தொட்டி ஓரம் கிடந்த பாப்பிப் பூக்கள்: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு உறுப்பினர்களுக்கு,

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, மண்டபத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டிக்கு வெளியே ஒரு கறுப்புப் பை கிடந்தது. கட்டு அவிழ்ந்திருந்தது. வாயோரம் சிவப்பாக ஏதோ தெரிந்ததால் குனிந்து பார்த்தேன். நாங்கள் பின்னிய பாப்பிப் பூக்கள். மூன்று ஆண்டுப் பூக்கள், பாதி மழையில் நனைந்து, ஒன்றோடொன்று நூல் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டுக் கட்டியிருப்போம். மை கரைந்து பல சீட்டுகள் நீலத் திட்டாகிவிட்டன. ஒன்றில் மட்டும் ‘முத்து’ என்று படிக்க முடிந்தது. அதை எழுதியது நான்காம் வகுப்புப் பெண். புள்ளி வைக்கச் சொன்னால் சின்ன வட்டம் போடுவாள். அந்த வட்டத்தை வைத்துத்தான் அது யார் எழுத்து என்று கண்டுபிடித்தேன்.

அன்று இரவே வாட்ஸ்அப்பில் உங்கள் சுற்றறிக்கை வந்தது. நான்கே வரி. பாப்பிப் பூ செய்யும் சனிக்கிழமை அமர்வு இந்த ஆண்டு முதல் இல்லை. அந்த நேரம் ஆண்டு விழா நடன ஒத்திகைக்குத் தரப்படுகிறது. நவம்பரில், இங்கே பிரிட்டனில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நினைவு ஞாயிறன்று, ஊர்ப் போர் நினைவுத்தூணில் வைக்கும் மலர்வளையத்துக்குத் தயாரான பூக்கள் வெளியிலிருந்து வாங்கப்படும். கடைசி வரி: ‘அலமாரியில் இருந்த பழைய பொருட்கள் அகற்றப்பட்டன.’

பழைய பொருட்கள். அந்த இரண்டு சொல் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை தொலைபேசியில் பேசி முடித்திருப்பேன். பேசியும் பார்த்தேன். உங்களில் ஒருவர், “அக்கா, உங்களுக்கு வேலை மிச்சம்தானே, பெட்டி பெட்டியாக வாங்கிக்கொள்ளலாம்” என்றார். இன்னொருவர், போன ஆண்டு மேயர் முன்னால் நம் வளையம் கோணலும் மாணலுமாக இருந்தது என்றார். மூன்றாமவர்தான் மனத்தில் இருந்ததைச் சொன்னார்: “வெள்ளைக்காரன் சண்டைக்கு நம் பிள்ளைகள் எதற்குப் பூக் கட்ட வேண்டும்?” மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாகச் சொன்னால் செயற்குழுக் குறிப்பேட்டில் ஏறாது என்பதால் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

கோணலில் தொடங்குகிறேன்.

இந்தப் பூவே கோணலாகப் பிறந்ததுதான். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடும் கசகசா இருக்கிறதே, அந்தச் செடிக்கு உறவுக்காரச் செடி வயல் பாப்பி. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால் முளைக்கும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் பீரங்கிக் குண்டுகள் நிலத்தை அப்படித்தான் கிளறிப் போட்டன. புதைகுழிகளின் மேல் செக்கச்செவேலென்று பாப்பி பூத்தது. 1915 மே மாதம் ஈப்பர் அருகே நண்பனைப் புதைத்த கனடிய இராணுவ மருத்துவர் ஜான் மக்ரே அதைப் பார்த்துக் கவிதை எழுதினார். அந்தக் கவிதையைப் படித்த மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1918இல் பாப்பியை அணிந்துகொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினார். அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, போரில் அழிந்த ஊர்களின் விதவைகளையும் பிள்ளைகளையும் கொண்டு துணியில் பாப்பி செய்ய வைத்து, அதை 1921இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு, போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று, பூக்கள் மிச்சமில்லாமல் விற்று, 1,06,000 பவுண்டு சேர்ந்தது. நியூசிலாந்துக்குப் போன பூக்களை ஏற்றிய கப்பல் தாமதமாகியதால் அவர்கள் நவம்பரை விட்டுவிட்டு அடுத்த ஏப்ரலில் பாப்பி நாள் வைத்தார்கள். இன்றும் அங்கே ஏப்ரல்தான்.

அடுத்த ஆண்டு, 1922இல், மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் லண்டன் ஓல்டு கென்ட் சாலையில் ஐந்து பேரை வைத்து ஒரு பூப் பட்டறை தொடங்கினார். ஐவரும் போரில் ஊனமுற்றவர்கள். இது பெரிதாக வெற்றி பெறும் என்று தோன்றவில்லை, ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கை போனவரும் மற்றக் கையால் பொருத்தும்படியாகத்தான் அந்தப் பூவை வடிவமைத்தார்கள். பட்டறை பிறகு ரிச்மண்டுக்கு இடம் மாறியது. 1926இல் எடின்பரோவிலும் ஒன்று வந்தது. ஒற்றைக் கையால் செய்த பூ என்ன நேராகவா இருந்திருக்கும்? அதை யாரும் கோணல் என்று குப்பையில் போடவில்லை. அரசரும் சட்டையில் குத்திக்கொண்டார்.

நம் காலத்துக்கு வாருங்கள். 2014இல் லண்டன் கோபுரத்தின் அகழியில் 8,88,246 பீங்கான் பாப்பிகள் நட்டார்களே, உங்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்தீர்கள். பிரிட்டனும் அதன் காலனிகளும் முதல் போரில் இழந்த ஒவ்வோர் உயிருக்கும் ஒன்று. எல்லாம் கையால் செய்தவை. ஒன்றுபோல் ஒன்று இல்லை. மெல்போர்னில் இரண்டு பெண்கள் 2013இல் ஐயாயிரம் பூப் பின்னலாம் என்று தொடங்கினார்கள். பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர் ஊராக அனுப்பிய பூக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டி 2015இல் நகரச் சதுக்கத்தை மூடின. அடுத்த ஆண்டு லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சிக்கும் வந்தன. யார் என்ன தைத்து அனுப்பினாலும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த சங்கதி.

சரி, மூன்றாமவர் கேட்டதுக்கு வருகிறேன். அது மட்டமான கேள்வி அல்ல. நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். நவம்பர் வந்தால் பஸ்ஸில் எல்லோர் நெஞ்சிலும் சிவப்பு. எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவேன்.

எனக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். நீண்ட கடைத்தெரு மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அதன் கீழே எத்தனையோ முறை கரும்புச் சாறு குடித்திருக்கிறேன், ஒரு முறையும் அண்ணாந்து படித்ததில்லை. என் தாத்தாவின் தம்பி இரண்டாம் போரில் பட்டாளத்தில் சேர்ந்தார். “பர்மாவுக்குப் போனான்” என்பதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவருடைய தகரப் பெட்டியில் அம்மா ஊறுகாய்ப் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்.

2018இல், முதல் போர் முடிந்த நூற்றாண்டு. பிரிட்டனின் முன்னாள் படைவீரர் சங்கம் இந்திய வீரர்களை நினைத்து அந்த ஆண்டு கதர்த் துணியில் ஒரு பாப்பி வெளியிட்டது. கதரில் பாப்பியா என்று சிரிப்பு வந்தது. அன்று இரவு சும்மா இருக்காமல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினேன். எழுத்துக்கூட்டலை ஏழெட்டு விதமாக மாற்றிப் போட்ட பிறகு கிடைத்தது. தாத்தாவின் அப்பா பெயர், சிதைந்த வடிவில் எங்கள் ஊர்ப் பெயர், வட ஆர்க்காடு. ரங்கூன் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரோடு தாத்தாவின் தம்பியும் ஒருவர். எந்தக் காட்டில் எந்த ஆற்றங்கரையில் என்று தெரியாது. ஆனால் பெயர் இருக்கிறது. அந்த அக்டோபரில்தான் நான் உங்களிடம் வந்து பின்னறையைக் கேட்டேன். அப்போதிருந்த செயற்குழு மறுபேச்சில்லாமல் கொடுத்தது.

வெள்ளைக்காரன் சண்டைதான். யார் மறுத்தார்கள்? அந்தச் சண்டைக்கு முதல் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் 25 லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் 87,000. பிரைட்டன் பக்கம் மலைச்சரிவில் நிற்கும் சத்ரி என்ற நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 சிப்பாய்களை எரியூட்டினார்கள். செத்த பிறகும் எல்லோரையும் ஒன்றாக நடத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரருக்குப் பெயர் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு ‘இன்னும் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள். அந்தப் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லை, சிலருக்கு நினைவுச் சின்னமே இல்லை.

ஆக, நம்முடையது அல்ல என்று நீங்கள் சொல்வதும், எண்ணிக்கை போதும் என்று அவர்கள் அன்றைக்கு முடிவு செய்ததும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

பின்னறையில் என்ன நடந்தது என்று செயற்குழுவில் பலர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். முதல் ஆண்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தெருவிலேயே இருக்கும் ஓர் ஆங்கிலேயப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். சிவப்புக் கம்பளி நூலில் ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கி, அதைச் சுற்றி இதழ் விரித்து, நடுவில் கறுப்புப் பொத்தான். குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தால் இருபது நிமிட வேலை. பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பொத்தான் தைப்பார்கள். ஒரு பையன் ஒரே பொத்தானுக்கு முப்பது தடவை நூல் ஓட்டி, அது கழுத்தறுத்தாலும் கழன்று வராதபடி செய்துவிடுவான். இன்னொருத்தி நான்கு துளையிலும் பெருக்கல் குறி போட்டுத்தான் தைப்பாள். மேயருக்கு அது கோணலாகத் தெரிந்திருக்கலாம்.

எங்களோடு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் உட்காருவார். முதல் ஆண்டு அவர் ஊசியைத் தொடவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் இருப்பார். இரண்டாம் ஆண்டு ஒரு நாள் பின்னி முடித்த பூவைக் கையில் எடுத்து, “இது எந்த ஊர்ப் பிள்ளைக்கு, பிள்ளை?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெறும் பூதான் அம்மா என்றேன். அவர் பூவைத் திரும்ப வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஊர் நினைவுத்தூணில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அன்று முதல் ஒரு பூவுக்கு ஒரு பெயர், ஒரு சீட்டு. தூணில் இருந்த பெயர்கள் தீர்ந்ததும் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களின் பெயர்களைப் பதிவிலிருந்து எடுத்தோம். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று அதில் இருக்கும். சேலம் என்று படித்ததும், “எங்கள் ஆச்சி ஊர்!” என்று ஒரு பையன் நாற்காலியிலிருந்து குதித்தான். ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதிய பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். முத்துவா மூர்த்தியா என்று அரை மணி நேரம் போனதுண்டு. தமிழ்ப் பள்ளிக்கு இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி என்ன இருக்கிறது என்று ஆசிரியை என்ற முறையில் கேட்கிறேன்.

அந்த அம்மாவின் மகன் 2009இல் காணாமல் போனவன். எந்தக் கல்லிலும் அவன் பெயர் இல்லை. நவம்பர் அவருக்கும் அவரைப் போன்ற பலருக்கும் வேறொரு பூவின், ஈழப் போரில் மாண்டவர்களை நினைக்கும் கார்த்திகைப் பூவின், மாதம் என்பது எனக்குத் தெரியும். “எங்கள் பிள்ளைகளுக்கு யார் பூச் செய்தார்கள்?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அதைக் கேட்க எல்லோரையும்விட உரிமை உள்ளவர் சனிக்கிழமை தவறாமல் வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, சேலத்துப் பையனுக்கும் இந்த ஊர்த் தச்சன் மகனுக்கும் பூப் பின்னினார். பை குப்பையில் கிடந்த செய்தியை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களில் யாராவது போய்ச் சொல்லுங்கள்.

பாப்பி எல்லோருக்கும் பிடித்த பூ அல்ல. போரைப் பெருமையாக்கும் பூ என்று சொல்வோர் இங்கேயே உண்டு. கூட்டுறவு மகளிர் அமைப்பு 1933இலேயே வெள்ளைப் பாப்பி கொண்டுவந்தது, இனிப் போரே வேண்டாம் என்று சொல்வதற்காக. இந்தியாவில் செண்டுமல்லியை நினைவுப் பூவாக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். எங்கள் பெட்டியில் வெள்ளை நூலும் மஞ்சள் நூலும் இருந்தன. எந்த நிறத்தில் பின்னினாலும் நான் தடுத்ததில்லை. பின்ன விருப்பமில்லாத பிள்ளையை உட்கார வைத்ததும் இல்லை. வராதவர்களுக்காக அமர்வை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

நடன ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு விழா ஜனவரியில். நாங்கள் கேட்பது அக்டோபரில் நான்கு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், அதுவும் மண்டபம் அல்ல, ஸ்டோர் ரூமை ஒட்டிய பின்னறை. அங்கே சலங்கை கட்டி ஆடினால் அலமாரி விழும்.

இப்போது என் கோரிக்கைகள். அக்டோபர் முதல் சனிக்கிழமையிலிருந்து பின்னறையை எங்களுக்கே திரும்பக் கொடுங்கள், அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். வெளியில் ஆர்டர் கொடுத்த பூக்களை ரத்து செய்யுங்கள். முன்னாள் படைவீரர் சங்கத்தின் உண்டியலில் காசு போட்டு அவர்களுடைய காகிதப் பாப்பியைத் தனித்தனியே வாங்கி அணிந்தால் மகிழ்ச்சி, அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது. ஆனால் சங்கத்தின் பெயரில் தூணில் வைக்கும் வளையம் பிள்ளைகள் பின்னியதாக இருக்க வேண்டும், சீட்டுகளோடு. பூக்களை வெளியே எறியச் சொன்ன முடிவு எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது, யார் முன்மொழிந்தார்கள் என்பதை உறுப்பினர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். உங்களில் ஒருவர் பள்ளிக் கூடுகையில் எழுந்து பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுற்றறிக்கை போதாது, நேரில்.

கடைசியாக ஒன்று. பையிலிருந்த பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீட்டர் மேல் வரிசையாக உலர்த்தி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை பிழைத்துவிடும், கம்பளி நூல் தாங்கும். சீட்டுகள்தான் போய்விட்டன. எந்தப் பூ எந்தப் பெயருக்கு என்று ஒரு நீல அட்டை நோட்டில் வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறோம், பூவின் அடியில் அதே எண்ணைத் தைத்திருக்கிறோம். அலமாரியின் மேல்தட்டில், நூல் பெட்டிக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. பையில் அது இல்லை. அலமாரியைக் காலி செய்தவர் கையோடு எடுத்துப் போயிருந்தால், எதுவும் கேட்க மாட்டேன், வரும் சனிக்கிழமை பத்து மணிக்குள் பள்ளி வரவேற்பு மேசையில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைப் பின்னறையிலிருந்து,
உங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை